ஏழாம் வகுப்பில் நான் பிடுங்கிய பேனாக்கத்தி



நான் அமெரிக்காவிலிருந்து கத்தி வரவழைத்த செய்தி குடும்பக் குழுவில் பரவி, "பெரியப்பாவுக்கு இந்த வயசுல கத்தி எதுக்கு?" என்று சென்னை வரைக்கும் விசாரணை போய்விட்டது. ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி மாளவில்லை. அதனால் முழுவதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். வழக்கம்போல் நீளம்தான். பொறுமை உள்ளவர்கள் படியுங்கள்.

1989-ஆம் வருடம். நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு நான் வகுப்பாசிரியர். பள்ளியின் பெயர் வேண்டாம். அந்த வகுப்பில் இருந்தவர்களுக்குத் தெரியும். மூன்றாவது பெஞ்சில் ஒரு பையன் மேஜைக்குக் கீழே குனிந்து எதையோ சீவிக்கொண்டிருந்தான். போய்ப் பார்த்தால் மடக்குக் கத்தி. அதில் பென்சில் சீவிக்கொண்டிருக்கிறான். மற்ற பிள்ளைகள் எல்லாம் அப்பாவின் சவர பிளேடைப் பாதியாக ஒடித்துக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவருவார்கள். அது கத்தியைவிட ஆபத்து. அதை நாங்கள் யாரும் ஒன்றும் சொன்னதில்லை. கத்தி என்றதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. பிடுங்கினேன். "அப்பாவைக் கூட்டிட்டு வந்து வாங்கிக்கோ" என்றேன்.

அவனுக்கு அப்பா இல்லை என்பது எனக்குத் தெரியும். வருகைப் பதிவேட்டில் பாதுகாவலர் பெயர் தாத்தா பெயராக இருந்தது. வாயில் வழக்கமாக வரும் வாக்கியம் வந்துவிட்டது, அவ்வளவுதான். தாத்தாவோ அதற்கு நான்கு மாதம் முன்புதான் காலமாகியிருந்தார்.

அந்தக் கத்தி தாத்தாவுடையது. அவர் இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து, சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு எழுபதுகளில் குடும்பத்தோடு இங்கே அனுப்பப்பட்டவர். கொண்டுவந்த பொருள்களில் அது ஒன்று. இதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. பையன் மூன்று தடவை வந்து "சார், கத்தி" என்று நின்றான். மூன்றாவது தடவைக்குப் பிறகு வரவில்லை.

இனி சொல்லப்போவதைத்தான் எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அந்தக் கத்தியை நான் பீரோவில் பூட்டி வைக்கவில்லை. என் மேஜை இழுப்பறையில் வைத்துக்கொண்டு ஒரு வருடத்துக்கு மேல் நானே பயன்படுத்தினேன். பென்சில் சீவினேன், விடைத்தாள் கட்டின் சணலை அறுத்தேன், ஆரஞ்சுப் பழம் உரித்தேன். அடுத்த வருடம் மாறுதல் வந்தபோது இழுப்பறையைச் சுத்தம் செய்து ஒரு அட்டைப் பெட்டியில் போட்டேன். அந்தப் பெட்டி எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. அத்தனை நாள் கையில் வைத்திருந்ததால் கத்தி மட்டும் அங்குலம் அங்குலமாக ஞாபகம் இருக்கிறது. மடக்கினால் நடுவிரல் நீளம். இரண்டு அலகு. பெரியது முனை கூர்மையாக, சின்னது சுண்டுவிரல் நகம்போல். இரண்டு முனையிலும் வெள்ளை உலோகப் பூண். பிடி மான்கொம்பு, பழுப்பும் வெள்ளையுமாக, மரப்பட்டை மாதிரி முண்டும் வரியுமாக இருக்கும். பெரிய அலகின் அடியில் தேய்ந்துபோன எழுத்தில் ஷெஃபீல்டு என்ற ஊர்ப்பெயர் மட்டும் படிக்க வரும். விரித்தாலும் மடக்கினாலும் 'டக்' என்று ஒரு சத்தம். (பிளேடு என்றால் நமக்கெல்லாம் சவர பிளேடுதான் ஞாபகம் வரும். அதனால் அலகு என்றே எழுதுகிறேன்.)

சென்ற வருடம் அந்த வகுப்புப் பிள்ளைகள் கூடியபோது எனக்குச் சால்வை போர்த்தினார்கள். சாப்பாட்டுப் பந்தியில் ஒருவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பெரியகுளம் பக்கம் சொந்தமாக நர்சரி வைத்து மாங்கன்று ஒட்டுக் கட்டி விற்கிறானாம். தலை நரைத்துவிட்டது. சிரித்துக்கொண்டே, "சார், அந்தக் கத்தி கெடைச்சுச்சா?" என்று கேட்டான்.

கோபம் ஒன்றும் இல்லை. கிடைத்திருக்குமோ என்ற ஆசையில் கேட்ட மாதிரிதான் இருந்தது. "இல்லப்பா" என்றேன். "சரி விடுங்க சார்" என்று பாயசத்தை என் பக்கம் நகர்த்தினான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை மகனிடம் சொன்னேன். இங்கே நல்ல மடக்குக் கத்தி தேடிப் பார்த்துவிட்டேன், சந்தையில் கிடைப்பது பத்து நாளில் ஆட்டம் காணும் ரகம், அங்கே ஒன்று வாங்கி வா என்று. இரண்டு நாள் கழித்து அவன் போன். "மாமா, கத்தின்னு ஒரு வார்த்தையில சொல்லிட்டீங்க. இங்க ஒரு கடைக்குள்ள நூறு மாதிரி இருக்கு. எத்தனை அலகு, எந்த எந்த அலகு, பிடி எதுல வேணும், ஸ்டீல் துருப்பிடிக்கிறதா பிடிக்காததான்னு கேக்குறான்." நான் வாத்தியார் அல்லவா, பாடம் படிக்க ஆரம்பித்துவிட்டேன். மூன்று மாதம் இதே வேலை. என் மனைவி, "ஹெட்மாஸ்டர் பரீட்சைக்குக்கூட இப்படிப் படிக்கல" என்றாள்.

படித்ததில் உங்களுக்கும் சுவையாக இருக்கும் என்று தோன்றுவதைச் சொல்கிறேன்.

பேனாக்கத்தி என்கிறோமே, அந்தப் பெயர் எப்படி வந்தது என்று முப்பத்தைந்து வருடம் பாடம் நடத்திய எனக்குத் தெரியாது. இறகுப் பேனா காலத்தில் இறகின் நுனியைச் சீவி முள்ளாக்குவதற்கு வைத்திருந்த சின்னக் கத்தி அது. இறகு போய் இரும்பு நிப் வந்த பிறகும் கத்தி மட்டும் சட்டைப்பையில் தங்கிவிட்டது. பெரிய அலகு ஒன்று, இந்தச் சின்னப் பேனா அலகு ஒன்று என்பதுதான் பழைய ஜோடி. பையனின் தாத்தா கத்தியும் அந்த ஜோடிதான். முரட்டு வேலைக்குப் பெரியது, நுணுக்க வேலைக்குச் சின்னது. ஒன்று மழுங்கினாலும் மற்றது இருக்கும்.

அமெரிக்காவில் ஆடுமாடு வளர்ப்பவர்களுக்காக வந்தது மூன்று அலகு. ஒன்று, முனைப்பக்கம் முதுகு சரிந்து கூராக முடியும். குத்தவும் கீறவும் அது. இரண்டாவது ஆட்டுக்குளம்பு அலகு. வெட்டும் விளிம்பு அடிக்கோல் மாதிரி நேராக இருக்கும். முதுகு முனையில் வளைந்து இறங்குவதால் குத்தும் முனையே கிடையாது. மந்தையில் ஒரு பிராணியைப் பிடித்துக்கொண்டு வேலை செய்யும்போது அது திமிறினாலும் கத்தி குத்தாது. மூன்றாவது முனை மொண்ணையாக, விளிம்பு மட்டும் சற்று வளைந்து இருக்கும். அது எதற்கென்று தங்கை மகன் வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னான்: கிடாக்களையும் காளைகளையும் காயடிக்க. விலங்குகளின் தோல் உரிப்பவர்களுக்கு இரண்டே நீள அலகு உள்ள கத்தி. சுவிட்சர்லாந்துக் கத்தியை உங்களுக்கெல்லாம் தெரியும், சிவப்புப் பிடி. 1891-இல் அந்நாட்டு ராணுவத்துக்குக் கொடுக்கத் தொடங்கியபோது அதன் பிடி சிவப்பு இல்லை, கறுத்த மரம். அலகோடு ஒரு துளை ஊசி, டப்பா திறப்பான், துப்பாக்கியைக் கழற்றத் திருப்புளி. இன்று அதில் கத்திரிக்கோல், ரம்பம், பல்குச்சி வரைக்கும் வந்துவிட்டது.

எண்ணிக்கை என்று பார்த்தால், ஷெஃபீல்டில் ஜோசப் ராட்ஜர்ஸ் என்ற கம்பெனி 1822-ஆம் ஆண்டைக் குறிக்க 1822 அலகு வைத்து ஒரு கத்தி செய்தது. திறமைதான், சந்தேகமில்லை. ஆனால் அதை வைத்து ஒரு எலுமிச்சம்பழம் நறுக்க முடியாது. நான் படித்துப் புரிந்துகொண்டது இதுதான்: அலகு கூடக்கூடப் பிடி தடிக்கும், உள்ளங்கையில் உறுத்தும். இடம் போதாமல் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு மடங்கும். கடையில் விரித்துக் காட்டினால் மயில் தோகை மாதிரி அழகாக இருக்கும். வேலை செய்பவன் கையில் இரண்டாவது நாளே தொந்தரவு.

ஜப்பானில் ஒரு பள்ளிக்கூடக் கத்தி உண்டு, ஹிகோனோகாமி என்று. மிகி என்ற ஊரில் செய்வது. ஒரே அலகு, மடித்த தகட்டுப் பிடி, ஸ்பிரிங்கூட கிடையாது. ஒரு காலத்தில் அந்த நாட்டுப் பிள்ளைகள் பென்சில் சீவ எல்லோரும் அதைத்தான் வைத்திருந்தார்கள். 1960-இல் ஒரு அரசியல் தலைவரை மேடையில் பதினேழு வயதுப் பையன் குறுவாளால் குத்திக் கொன்றான். அதற்குப் பிறகு பிள்ளைகள் கையில் கத்தியே கூடாது என்று இயக்கம் நடந்தது. பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்குள் கத்தி கூடாது என்று நான் சொன்னது தப்பு என்று இன்றும் நினைக்கவில்லை. இப்போது இருந்தாலும் வாங்கி வைப்பேன். ஆனால் சாயங்காலம் மணி அடித்ததும் கூப்பிட்டுக் கையில் கொடுத்து, "வீட்டுல வச்சிட்டு வா" என்று அனுப்பியிருக்க வேண்டும். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

சரி, பிடிக்கு வருகிறேன். என் மனசில் இருந்தது மான்கொம்பு ஒன்றுதான். அதே மாதிரி, அதே நிறம், அதே முண்டு. தேடத் தேட ஒரு விஷயம் தெரிந்தது. ஷெஃபீல்டு கத்திகளுக்குப் பேர்போன அந்தக் கொம்பு நம் நாட்டுக் கடமானுடையது. கடமான் கொம்பு உள்ளே கெட்டி, சோற்றுப்பகுதி குறைவு. அறுத்துத் தகடாக்கினால் உடையாது. வருடா வருடம் மான் உதிர்த்த கொம்பைக் காட்டில் பொறுக்கி ஏற்றுமதி செய்தார்கள். ஆக அந்தக் கொம்பு இந்தியாவிலிருந்து இங்கிலாந்து போய், கத்தியாகி இலங்கைக்கு வந்து, தாத்தாவோடு கப்பலேறி மறுபடி இந்தியாவுக்கு வந்து, கடைசியில் என் இழுப்பறையில் முடிந்திருக்கிறது. இப்போது அந்த வியாபாரம் கிடையாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. உதிர்ந்த கொம்பாக இருந்தாலும் வாங்கவோ விற்கவோ முடியாது. வெளிநாட்டுக் கத்திகளில் பழைய இருப்பையோ வேறு மான்களின் கொம்பையோ போடுகிறார்கள். "அதைப் பெட்டியில வச்சிக்கிட்டு வந்து கஸ்டம்ஸ்ல எந்த மான்னு நான் நிரூபிக்கணுமா மாமா?" என்றான். நியாயம்தான்.

மான்கொம்புக்குப் பதில் என்று ஆரம்பித்ததுதான் எலும்புப் பிடி. மாட்டின் கால் எலும்பைத் தகடாக்கி, கொம்பின் முண்டு மாதிரி தெரிவதற்காக அதில் குழி குழியாகக் கொத்தி, சாயம் ஏற்றுகிறார்கள். சாயம் குழியில் ஒரு நிறமும் மேட்டில் ஒரு நிறமும் பிடிக்கும். படத்தில் பார்த்தேன், நிஜமாகவே அழகு. வழுக்கவும் வழுக்காது. அதையே வாங்கலாம் என்று முடிவு செய்திருந்தோம். என் தங்கை, "மாட்டு எலும்பையா வீட்டுக்குள்ள கொண்டுவரப் போற?" என்று ஆரம்பித்துவிட்டாள். வாங்கிக் கொடுக்கப்போவது வேறு வீட்டுக்கு என்றாலும் கேட்கவில்லை.

தந்தம் பற்றிக் கேட்கவே வேண்டாம். 1865-இல் ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்டபோது அவர் சட்டைப்பையில் தந்தப்பிடி போட்ட மடக்குக் கத்தி ஒன்று இருந்தது; அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இப்போதும் வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்துப் பெரிய மனிதர் கத்தி என்றால் தந்தம். 1989-இல் உலக நாடுகள் கூடித் தந்த வணிகத்தைத் தடை செய்தன. நான் கத்தியைப் பிடுங்கிய அதே வருடம்.

கருங்காலியும் ஈட்டி மரமும் பழைய கத்திகளில் நிறைய. கருங்காலி என்று சொன்னதும் மருமகள், "மாலை வேற கேக்குறாங்க, கத்தி வேறயா" என்றாள். ஊரெல்லாம் கழுத்தில் கருங்காலிதானே இப்போது. மரம் கைக்கு இதமாக இருக்கும். ஆனால் தண்ணீரில் ஊறும். பிரான்ஸ் நாட்டில் 1890 முதல் ஒப்பினெல் என்று ஒரு கத்தி செய்கிறார்கள், பீச் மரப்பிடி, விலை மலிவு, வெட்டு அபாரம். ஈரத்தில் மரம் ஊதினால் அலகை இழுத்துத் திறப்பது பெரும்பாடு என்று அதை வைத்திருப்பவர்களே சொல்கிறார்கள். பழைய செல்லுலாய்ட் பிடி இன்னும் மோசம். வருடங்கள் போனால் தானாகக் கெட்டு, அதிலிருந்து வரும் ஆவி அலகையே அரித்துவிடும்.

இப்படியே நான் அழகு பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கை மகன்தான் ஒரு நாள் கேட்டான். "மாமா, இவர் இத வச்சு என்ன பண்ணப்போறார்? ஷோகேஸ்ல வைக்கவா, வேலை செய்யவா?" எனக்குச் சுருக்கென்றது. மூன்று மாதமாக நான் தேடிக்கொண்டிருந்தது என் ஞாபகத்தில் இருந்த கத்தியை. அவனுக்கு என்ன வேண்டும் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. மறுபடியும் அவனைக் கேட்காமலே அவன் கத்தியைப் பற்றி நான் முடிவு செய்துகொண்டிருக்கிறேன்.

அன்றே போன் செய்தேன். விஷயத்தைச் சொல்லாமல், "தம்பி, ஒட்டுக் கட்டறதுக்கு எந்த மாதிரிக் கத்திப்பா நல்லது?" என்று மட்டும் கேட்டேன். மாடியில் தோட்டம் போடப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டான். அரை மணி நேரம் பாடம் நடத்தினான். நான் குறிப்பெடுத்தேன்.

கொட்டையிலிருந்து வளர்த்த நாட்டு மாங்கன்றின் தலையைச் சீவி, நடுவில் ஒன்றரை அங்குலம் பிளக்க வேண்டும். நல்ல ரகத்தின் தாய்க்குச்சியை இரண்டு பக்கமும் ஆப்பு மாதிரி சீவி அந்தப் பிளவில் செருக வேண்டும். பட்டைக்குக் கீழே இருக்கும் மெல்லிய பச்சை வரி, புத்தகத்தில் கேம்பியம் என்று படித்திருப்பீர்கள், அது இரண்டிலும் ஒன்றையொன்று தொட வேண்டும். "ஒவ்வொரு பக்கமும் ஒரே இழுப்பு சார். ரெண்டு இழுப்பு இழுத்தா மேடு பள்ளம் ஆயிரும். நடுவுல காத்து நின்னா அழுகிப்போகும். வளைஞ்ச அலகு ஆகாது. நேர் விளிம்பா இருக்கணும்." முனை வேண்டுமா என்றால் வேண்டாம், விரலைக் குத்தும் என்றான். ஒட்டுக்கு வைத்திருக்கும் அலகால் வேறு எதையும் தொடக்கூடாதாம். ஆனால் பாலிதீன் பட்டை, கயிறு, மண் பை என்று நாள் முழுக்க அறுக்க வேண்டியிருக்கும். அதற்கு இன்னொரு அலகு வேண்டும். மூன்றாவது? "எதுக்கு சார், கையை அறுக்கவா?"

கை எந்நேரமும் ஈரம், மாம்பால் பிசுபிசுப்பு. பிடி வழுக்கக்கூடாது, ஊறக்கூடாது. தழைக்குள் விழுந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டும். துருப்பிடிக்காத ஸ்டீலா என்று கேட்டேன். "சாதா ஸ்டீல்தான் சார். நம்ம கல்லுல ரெண்டு தேய்ப்புல பதம் ஏறும். கறுத்தா கறுக்கட்டும்." வாழைக்காய் நறுக்கிய அரிவாள்மணையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். துடைத்து வைத்தால் அந்தக் கறுப்பு ஒன்றும் செய்யாது. ஈரத்தோடு விட்டால்தான் துரு.

இப்போது எதில் கட்டுகிறாய் என்று கேட்டேன். "பேப்பர் கட்டர் சார். அதுக்கு முன்னாடி பாதி பிளேடுதான். அந்த வருசத்துல இருந்து எனக்குப் பாதி பிளேடுதான பழக்கம்." குத்திக்காட்ட வேண்டும் என்று சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னான்.

ஒட்டுக் கட்டுவதற்கென்றே ஜெர்மனியில் மடக்குக் கத்தி செய்கிறார்கள் என்று தங்கை மகன் கண்டுபிடித்தான். அதில் மரத்தைத் தொடும் பக்கம் சமதளம், மறுபக்கம் மட்டும் சரிவு. ஒரு பக்கம் தீட்டிய உளி மாதிரி. "வலது கைக்காரரா, இடது கைக்காரரான்னு கேக்குறான் மாமா" என்றான். இதை மட்டும் நான் போன் செய்து கேட்க வேண்டியிருக்கவில்லை. அவன் இடது கைக்காரன் என்பது எனக்குத் தெரியும். இடது கையில் எழுதுகிறான் என்று அடிக்கோலால் முட்டியில் தட்டித் தட்டி வலது கைக்கு மாற்றியவன் நான்தான். எழுதுவதை மாற்றிக்கொண்டான். மற்ற எல்லா வேலைக்கும் இன்றும் இடது கைதான். பந்தியில் பார்த்தேனே, பாயசத்தை நகர்த்தியதும் அந்தக் கைதான்.

இடது கைக்கான கத்தி வர நாளாகும், விலையும் கூட. அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. சாதாரண மடக்குக் கத்திக்கு விளிம்பு இரண்டு பக்கமும் சமமாகத்தான் தீட்டியிருக்கும். அதை அவனே கல்லில் தேய்த்துத் தன் கைக்கு ஏற்ற பக்கம் சரிவாக்கிக்கொள்ளலாம். ஒருபக்கச் சரிவோடு வலது கைக்குச் செய்து வருவதை மாற்றுவதுதான் பெரும்பாடு. இதோடு முடிவுக்கு வந்துவிட்டோம். இரண்டு அலகு: பெரியது ஆட்டுக்குளம்பு, நேர் விளிம்பு, சின்னது பேனா அலகு. சாதா கார்பன் ஸ்டீல். பிடி மைக்கார்ட்டா. துணியை அடுக்கடுக்காக வைத்துப் பிசினில் ஊறவைத்து அழுத்திச் செய்வது. ஈரம் பட்டாலும் வழுக்காது, ஊறாது. நிறம் மஞ்சள். அங்கே விவசாயிகளுக்கு மஞ்சள் பிடி பிடிக்குமாம், புல்லில் விழுந்தால் தெரியும் என்று. நகம் வைத்து அலகை இழுக்கும் பள்ளம் வலது கைக்காரர் வசதிக்கு ஒரு பக்கமாகவே இருக்கும். இந்த அலகு பிடிக்கு வெளியே கொஞ்சம் தூக்கி நிற்பதால் இரண்டு விரலால் கிள்ளியே திறக்கலாம் என்று கடையில் வைத்தே சோதித்துவிட்டு வாங்கினான். மாமா பேச்சை இவ்வளவு பொறுமையாகக் கேட்டதற்கு அவனுக்கு நன்றி. அவன் அம்மாவும் இதைப் படிப்பாள், அதனால் எழுதுகிறேன்.

மான்கொம்பு வைத்த கத்தி பக்கத்தில் இதை வைத்தால் அழகில் நிற்காது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. இப்போதும் இருக்கிறது.

விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்தான். கைப்பையில் கத்தி விடமாட்டார்கள். சரக்கில் போடும் பெட்டியில் வைத்து வந்தான். ஆடி மாதம் முதல் வெள்ளி கழித்துப் பஸ் பிடித்துப் பெரியகுளம் போனேன். கிளம்பும்போதே மனைவி, "கத்தியைக் கையில குடுக்காதீங்க, கீழ வைங்க, அவங்களே எடுத்துக்கட்டும்" என்று சொல்லி அனுப்பினாள். ஊசி, கத்தி, உப்பு மூன்றையும் கையில் கொடுத்தால் உறவு முறியும் என்பது அவள் கணக்கு. நிழல்வலைக் கொட்டகைக்குள் மண் நிரப்பிய பைகள் வரிசையாக இருந்தன. கவிழ்த்துப் போட்ட ஒரு கூடைமேல் டப்பாவை வைத்தேன்.

என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. "அது கெடைக்கலப்பா. நான்தான் வச்சிருந்தேன், நான்தான் தொலைச்சேன்" என்றேன்.

அவன் டப்பாவைத் திறந்து பார்த்தான். இடது கையால் பெரிய அலகைக் கிள்ளித் திறந்தான். 'டக்' என்றது. மடக்கினான். மறுபடி திறந்தான். நாலைந்து தடவை. பிறகு ஒன்றும் பேசாமல் கொட்டகை மூலையில் இருந்த சாணைக்கல்லை எடுத்துத் தண்ணீர் தெளித்து உட்கார்ந்துவிட்டான். எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் மோரும் வந்தன. கம்பெனியில் தீட்டி அனுப்பிய விளிம்பைத் தேய்த்துத் தன் கைக்குத் திருப்ப முக்கால் மணி நேரம் ஆனது. நடுவில் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்ப்பான், மறுபடி தேய்ப்பான். கணக்குப் பரீட்சையில்கூட அவனை இவ்வளவு கவனமாக நான் பார்த்ததில்லை.

எழுந்து ஒரு தாய்க்குச்சியை எடுத்துச் சீவினான். ஒரு பக்கம் ஒரு இழுப்பு. திருப்பி மறுபக்கம் ஒரு இழுப்பு. கன்றைப் பிளந்து, செருகி, பாலிதீன் பட்டையை சின்ன அலகால் அறுத்துச் சுற்றிக் கட்டினான். "இமாம்பசந்த் சார். கொண்டு போங்க" என்றான். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வண்டியில் கொண்டுவந்து விட்டான். வழியில் தாத்தாவைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தான். தோட்டத்துக் கதை, கப்பல் கதை, அந்தக் கத்தியில் அவர் பாக்கு நறுக்கும் விதம். 1989-இல் ஒரு மத்தியானம் உட்காரவைத்துக் கேட்டிருக்கலாம்.

கன்று இப்போது என் மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில் இருக்கிறது. பிடித்திருந்தால் இருபது நாளுக்குள் துளிர் தெரியும் என்றான். இன்று பதினேழாவது நாள். காலையில் பார்த்தேன், மொட்டு கொஞ்சம் வீங்கின மாதிரி இருக்கிறது; மனைவி எனக்கு அப்படித் தோன்றுகிறது என்கிறாள்.

கடைசியாக ஒன்று. பம்பரம், கோலி, உண்டிவில், கலைடாஸ்கோப்பு, ஒரு சின்ன வாய் ஆர்மோனியம் என்று நான் பிடுங்கி வைத்தவை இன்னும் சில ஞாபகம் வருகின்றன. யாருடையது எது என்றுதான் தெரியவில்லை. உங்களுடையது ஏதாவது என்னிடம் தங்கியிருந்தால் தனிச்செய்தியில் எழுதுங்கள். எந்த வருடம், எந்த வகுப்பு என்பதையும் சேர்த்து.